நண்டு வலையில் டெட்டனேட்டர்

என் அண்ணனின் இடது கையில் இப்போது இரண்டு விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும். மற்ற மூன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நல்ல வெயிலில், எங்கள் வீட்டு வாசலில் போய்விட்டன. இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. நாலு வரி எழுதுவேன், பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். இந்த முறை முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். பிறந்தது பழவேற்காடு ஏரியோரத்து மீனவக் குப்பம் ஒன்றில். தோணிரேவுப் பக்கமிருந்து படகில் வந்தால் எங்கள் ஊர்ப் பனைமரங்கள்தான் முதலில் தெரியும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா இறந்தபோது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினாறு. அவர் வலையை எடுத்துக்கொண்டார், நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தன் பேரை எழுதக்கூட வராது. நான் வேலையில் சேர்ந்த அன்று சுண்ணாம்புக்குளம் பஸ்ஸில் என்னோடு பள்ளிவரை வந்து, "நீ உள்ள போ, நா இங்கியே கீறேன்" என்று சொல்லிவிட்டு மத்தியானம்வரை வாசலிலேயே நின்றார். எதற்கு நின்றார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஏறி இறங்கும் இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை ஊருக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. எல்லாத் தலைக்கட்டுப் பேரையும் சீட்டில் எழுதிக் கோயில் முன்னால் குலுக்கிப் போடுவார்கள். எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்பது அதில் விழும். பாடு இல்லாதவன் ஓரத்தில் நண்டு பிடித்துக்கொள்ளலாம், கூலிக்குப் போகலாம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது, அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட நாலு பேர் யோசிப்பார்கள். வெடி போட்டு மீன் பிடித்தவன் பேரைப் பாடுச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் ஊர்ச் சட்டம். மீன்குஞ்சோடு சேர்த்து ஏரியையே கொல்கிற வேலை அது. அந்தச் சட்டம் சரியானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அது என் அண்ணன் கழுத்தில் வந்து விழும் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

ஊருக்குள் வரும் சாலையின் ஏரிப்பக்கம் மழைக்கு மழை கரைந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்ட ஏற்பாடாயிற்று. எங்கேயோ ஒரு குவாரியிலிருந்து லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. ஊரே சந்தோஷப்பட்டது. கல்லோடு கல்லாக மஞ்சளும் சிவப்புமாக மெல்லிய கம்பித் துண்டுகளும் வந்தன. நல்ல கம்பி, பிளாஸ்டிக் உறை போட்டது, உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது. பெண்கள் பொறுக்கிவந்து மீன்கூடைக்குக் காது கட்டினார்கள், வேலிப்படலைக் கட்டினார்கள். அது பாறைக்கு வெடி வைத்த பிறகு மிஞ்சிய கம்பி என்று யாரும் சொல்லவில்லை. கொண்டுவந்து கொட்டியவர்களுக்குத் தெரியும். அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணனுக்குக் கம்பித் துண்டு கிடைக்கவில்லை. கல் இடுக்கில் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பையே கிடைத்தது. உள்ளே மடித்துக் கட்டிய புதுக் கம்பிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளி நிறத்தில், பென்சில் பருமனில், விரல் நீளத்துக்கு ஒரு குழாய். மொத்தம் பன்னிரண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் காட்டி, "குண்டும் கட்டுக்கம்பியும் ஒண்ணாவே குடுத்துட்டான் பாரு, எவனோ மூளக்காரன்" என்று சிரித்தாராம்.

அவர் ஏன் அதை வலைக்குக் கட்டும் குண்டு என்று நினைத்தார் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. வலை தண்ணீரில் நிமிர்ந்து நிற்க மேல்கயிற்றில் மிதவையும் அடிக்கயிற்றில் ஈயக்குண்டும் கட்டுவோம். எங்கள் ஏரியின் அடி முழுக்கச் சேறு. ஈயம் சேற்றில் புதைந்து வலையின் காலையும் இழுத்துக்கொண்டு போய்விடும், நண்டு மேலாக ஓடிவிடும். முங்கவும் வேண்டும், புதையவும் கூடாது; அப்படி ஒரு எடைக்காக எங்கள் ஆட்கள் செய்யாத வித்தை இல்லை. ஓட்டுத் துண்டு, சுட்ட மண், பழைய பேட்டரியின் உள்ளிருக்கும் கட்டி என்று எல்லாம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். எதைக் கட்டினாலும் அதற்குப் பேர் ஈயம்தான். அந்தக் குழாய் அவர் கையில் சரியான கனமாக உட்கார்ந்தது. பன்னிரண்டையும் நண்டு வலையின் அடிக்கயிற்றில், சாண் கணக்குப் பிசகாமல், வரிசையாகக் கட்டிவிட்டார்.

ஈயக்குண்டைக் கயிற்றோடு இறுக்குவதற்கு எங்கள் ஊரில் குறடு கிடையாது, பல்தான். கடைவாயில் வைத்து ஒரு கடி, அவ்வளவுதான். நடுத்தர வயதைத் தாண்டிய எந்த ஆணைப் பார்த்தாலும் முன்கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும். அந்தக் குழாய்களில் முதல் இரண்டையும் அண்ணன் கடித்துத்தான் பார்த்திருக்கிறார். ஈயம் போலப் பதியவில்லை, கம்பியையே முறுக்கிக் கட்டிக்கொண்டார். இந்த விஷயம் எனக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தெரிந்தது. 

ஒரு மாதத்துக்கு மேல் அந்த வலை ஏரிக்குப் போய்வந்தது. நண்டும் நன்றாகக் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது வலை வாசல் மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் பாய் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். குழாய் என் தோளில் இடித்தது. கையில் பிடித்துப் பார்த்தேன்.

"இன்னா ணா இது, புதுசா கீது?"

"ஈயம் மாரி பொதையாது தங்கச்சி. ஊர்ல ஒருத்தன்கிட்ட கெடையாது இது. எப்டி?"

"நல்லாத்தான் கீது" என்றேன்.

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் கொடுத்த சர்டிபிகேட் அது. என் கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான், அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு வாய் வராது. அந்த வாரம்தான் வகுப்பில் ஒரு வரி நடத்தியிருந்தேன்: ஈய அசைடு, வெடிதூண்டியாகப் பயன்படுகிறது. ஒரு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் கோடிட்ட இடத்தை நிரப்பினார்கள், நான் சரி என்று டிக் போட்டேன். வெடிதூண்டி, அதாவது டெட்டனேட்டர், எப்படி இருக்கும், எந்த நிறம், எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாமல் பன்னிரண்டு வருஷம் நடத்தியிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். வெடிமருந்தில் இரண்டு வகை உண்டு. பாறையைப் பிளக்கும் பெரிய மருந்து சோம்பேறி. அதைத் தூக்கலாம், கீழே போடலாம், சாதாரணமாக அசையாது. அதை எழுப்ப இன்னொரு சின்ன வெடி வேண்டும். அந்தச் சின்ன வெடிக்காகக் குழாய்க்குள் ஒரு சிட்டிகை வைக்கிற பொருள்தான் ஈய அசைடு போன்றவை. அடி, உரசல், சூடு, நைலான் சட்டையில் உண்டாகிற சின்னப் பொறி, எது போதும் என்று அதற்கே தெரியாது. நேற்று இரண்டு அடியைத் தாங்கியது இன்று அரை அடியைத் தாங்காது. அது உருகாது, புகையாது, வாசனை வராது, சீறாது. ஒரு எச்சரிக்கையும் கிடையாது. இருக்கும், அடுத்த நொடி இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். எங்களுக்கு வெடி என்றால் தீபாவளிப் பட்டாசுதான் தெரியும். பட்டாசு நனைந்தால் நமுத்துப்போகும், குழந்தைக்கும் தெரியும். இது நமுக்காது. நனைந்த நிலையிலும் வெடிக்கும். போதாததற்கு ஈரமும் உப்பும் நாள்பட்ட குழாயை அரித்து, உள்ளே இருப்பதை இன்னும் நம்பமுடியாததாக ஆக்கிவிடும். செம்போடு சேர்ந்தால் அதைவிட மோசமான பொருள் உண்டாகும் என்றுதான் குழாயை அலுமினியத்தில் செய்கிறார்களாம். அவ்வளவு ஜாக்கிரதையாக யோசித்துச் செய்த பொருளைக் கருங்கல்லோடு அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மாதம் ஏரியில் ஊறிய சாமான் வெடிக்கும் என்று எந்த மீன்பிடிக்காரன் நினைப்பான்?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் ஊரில்தான் இருந்தேன். உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அண்ணி மீன் விற்கப் போயிருந்தார். அடுத்த வாரம் பாடுச் சீட்டு குலுக்கப்போகிறார்கள். அதற்குள் வலைகளையெல்லாம் சரிபார்த்து வைப்பது அண்ணனின் பழக்கம். நண்டு வலையில் ஒரு குழாயின் கம்பி முறுக்கு தளர்ந்திருந்தது; முறுக்கைக் கடைவாயில் வைத்துக் கடித்து அமுக்குவதுதான் அவர் வழக்கம். வியாழக்கிழமைதான் அவருக்குச் சொத்தைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள், கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அதனால் கடிக்காமல், இடது கையால் குழாயைக் கல்லின் மேல் பிடித்து, வலது கையால் இன்னொரு கல்லை எடுத்துத் தட்டினார். அந்தப் பல் இருந்திருந்தால் இன்று எனக்கு அண்ணன் இல்லை.

இரண்டு தட்டு எனக்குக் கேட்டது. மூன்றாவது தட்டு கேட்கவில்லை. ஒரே அறையாக விழுந்து காது அடைத்துக்கொண்டது. வெளியே ஓடினேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். சட்டையில் சின்னச் சின்னப் பொத்தல்கள். கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

"தங்கச்சி, ஈயம் வெடிக்குமா?" என்று கேட்டார்.

"வெடிக்காது ணா" என்று சொல்லிக்கொண்டே என் துப்பட்டாவை அவர் கையில் சுற்றினேன்.

பக்கத்து வீட்டார் வேனில் ஏற்றினார்கள். சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் துப்பட்டா முழுக்க நனைந்துவிட்டது. டாக்டர்கள் நல்லவர்கள், தங்களால் ஆனதைச் செய்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் அண்ணனுக்கு நினைவு தெளிந்தபோது பக்கத்தில் நின்றது நானும் அண்ணியும் ஒரு போலீஸ்காரரும். போலீஸ்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி, "எத்தினி நாளா வெடி போட்டு மீன் புடிச்சிக்கினு கீறே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதற்கு அடுத்த நாள் பத்திரிகையில் மூலையில் நாலு வரி வந்தது: வீட்டில் வெடி தயாரித்த மீனவர் படுகாயம். யார் சொன்னார்கள், யாரிடம் கேட்டார்கள், ஒன்றும் இல்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

வெடிகுண்டுப் பிரிவிலிருந்து ஆட்கள் ஊருக்கு வந்தார்கள். வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஊர் ஜனத்தையெல்லாம் பனைமரங்களுக்கு அப்பால் போகச் சொன்னார்கள். கனமான உடையும் கண்ணாடி முகமூடியும் போட்டுக்கொண்டு ஒருவர், கோயிலில் தீச்சட்டி எடுப்பவர்போல அடிமேல் அடி வைத்து, எங்கள் மூங்கிலை நோக்கிப் போனார். அதே மூங்கிலின் கீழே நான் சோறு தின்றேன். அதே வலையை அண்ணி தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவர்கள் அப்படி நடந்ததில் தவறில்லை, அப்படித்தான் நடக்க வேண்டும். அந்த ஜாக்கிரதையில் கால்வாசி, கல் கொட்டிய அன்று யாருக்காவது இருந்திருந்தால் என்ன?

மிச்சமிருந்த பதினொன்றையும் கயிற்றோடு வெட்டி எடுத்து மணல் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்துக் கொண்டுபோனார்கள். வந்தவர்களில் மூத்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து என்னிடம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "இவ்ளோ வருஷ சர்வீஸ்ல டெட்டனேட்டர இப்படிச் சாண் சாணாக் கட்டி வச்சிருந்தத நான் பாத்ததில்ல. இது இன்னதுன்னு தெரிஞ்ச எவனும் வலையில கட்ட மாட்டான்மா" என்றார்.

"அதை எழுதிக் கொடுங்க சார். அது ஒண்ணு போதும்."

"என் ரிப்போர்ட் மேல போகும்மா. உங்க கைக்கு வராது."

நல்ல மனிதர்தான். மேலே போனது மேலேயே இருக்கிறது.

கல் கொட்டும் வேலையைப் பார்த்த சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். "நாங்க கல்லுக்குத்தான் பொறுப்பு மேடம். கல்லோட என்ன வந்துதுன்னு குவாரியத்தான் கேக்கணும்" என்றார். குவாரிக்குப் போன் போட்டேன். மூன்று நாள் அலையவிட்டு ஒருவர் பேசினார். வாங்கின டெட்டனேட்டர் எல்லாம் வெடித்துவிட்டதாகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம், அதனால் எதுவும் வெளியே போயிருக்க வழியில்லையாம். அப்படியானால் என் அண்ணனின் விரல் எதனால் போனது என்று கேட்டேன். "அது உங்களுக்குத்தான் தெரியணும்" என்று வைத்துவிட்டார். வெடித்துவிட்டதாக எழுதிய பன்னிரண்டில் ஒன்று எங்கள் வாசலில் வெடித்தது. இப்போது அவர்கள் புத்தகத்தில் பாக்கி பதினொன்று மட்டும்தான் பொய்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை அந்த இரண்டு வாரத்தில் கண்ணால் பார்த்தேன். நான் பேசியவர்களில் கெட்டவர் என்று யாரும் இல்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் தன் கையிலிருந்ததைப் பக்கத்து ஆள் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது விரல் இல்லாத கைக்கு வந்து சேர்ந்தது.

அண்ணன் வீடு திரும்பியதும் ஊர்த்தலைவர் வந்தார். நைனாவோடு ஒரே படகில் தொழில் செய்தவர். அண்ணன் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எங்களுக்காகத்தான் பாடுச் சீட்டை இரண்டு வாரம் தள்ளி வைத்திருந்தார், அதற்குமேல் தள்ள முடியாது.

"நீ வெடி போடற ஆள் கெடையாதுன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா போலீசு வந்துக்கினு போய்க்கினு கீது, பேப்பர்ல வந்துட்ச்சி. சீட்டுல உன் பேரப் போட்டா நாலு பேர் எழுந்து கேப்பான். நா இன்னா சொல்றது?"

"இன்னா பண்ணணும்னு நீயே சொல்லு மாமா" என்றார் அண்ணன்.

"கேசு இல்லேன்னு ஸ்டேசன்லேர்ந்து ஒரு காயிதம் எடுத்துக்கினு வா. ஞாயித்துக்கெழம அத்த நானே படிச்சிட்டு உன் பேரப் போடறேன்."

நான் குறுக்கே பேசினேன். வெடி போட்டு மீன் பிடிக்கிறவன் வெடியை அடிக்கயிற்றில் கட்டித் தினமும் நனைப்பானா, மாமாவே வலை கட்டுகிற ஆள்தானே, மாமாவே சொல்லட்டும் என்று கேட்டேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "நீ சொல்றது நாயம்தாம்மா. நாயத்த ஊர்ல பேசலாம். ஸ்டேசன் காயிதம் இருந்தா பேசவே வாணாம்" என்றார். 

சனிக்கிழமை நானும் அண்ணனும் ஸ்டேஷனுக்குப் போனோம். பைக்குள் நான் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கல் எப்போது வந்தது, பை எங்கே கிடந்தது, எதனால் அதைக் குண்டு என்று நினைத்தார், அந்தப் பொருளின் தன்மை என்ன, அதைக் காப்பாற்றி வைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது. ஒரு வார்த்தை மிகையில்லை. இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்தைப் படித்தார், மற்ற மூன்றையும் புரட்டிப் பார்த்தார், மடித்து என் பக்கமே நகர்த்தினார்.

"டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்க. இத நான் வாங்கிக்கிட்டா கேஸ் போட்டாகணும். கேஸ் போட்டா வெடிபொருள் வச்சிருந்தவர் யாரு? உங்க அண்ணன்தான். முதல் பேரு அவரோடது. அப்புறம்தான் குவாரி, கான்ட்ராக்ட்டர் எல்லாம். அவங்க வக்கீல் வச்சுக்குவாங்க. இவரு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறணும். எத்தன வருஷம்னு நான் சொல்ல முடியாது."

"வேற வழி?"

"கீழ கெடந்தது, இன்னதுன்னு தெரியாம எடுத்தேன், என் அஜாக்கிரதையால அடிபட்டுது, யார் மேலயும் புகார் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா இன்னிக்கே முடிச்சிடலாம். மேல நடவடிக்கை இல்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன். உங்க ஊர்ல கேக்கற காயிதம் அதுதான?"

யாருடைய அஜாக்கிரதை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பாறைக்கு வெடி வைக்கிறவன் எண்ணி வைக்க வேண்டும், எண்ணி எடுக்க வேண்டும், அது அவன் தொழில், அந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்யாதவனுக்கு அஜாக்கிரதை இல்லை, தன் தொழிலை ஒழுங்காகச் செய்து சாண் பிசகாமல் கட்டியவனுக்கு அஜாக்கிரதையா என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். 

"தங்கச்சி" என்றார் அண்ணன். அதுவரை வாயே திறக்காதவர். "எழுதிக் குடுத்துடு."

"பொய் ணா அது. அத எழுதிட்டா நாளிக்கு ஒருத்தனையும் நாம கேக்க முடியாது. நஷ்டஈடுன்னு வாய் தொறக்க முடியாது."

"நாளிக்கு சீட்டு. எனக்குப் பாடு வோணும். வெரல் போய்ட்ச்சி, அதுக்கு இன்னா பண்றது. ஊர்ல பேரும் போச்சுன்னா நா எங்க போய் நிக்கிறது? வலய அண்ணியும் அவ தம்பியும் இழுப்பாங்க. நா படகுல உக்காந்துக்கினு சொல்லுவேன். எழுது நீ."

பக்கத்து மேஜையிலிருந்த ஏட்டய்யா வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது, அதனால் நானே எழுதிவிடலாம் என்றார். எழுதினேன். கீழே கிடந்ததை இன்னதென்று தெரியாமல் எடுத்ததில், என் அஜாக்கிரதையால் எனக்குக் காயம் ஏற்பட்டது. இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. மாணவர்களின் விடைத்தாளில் நான் எத்தனையோ தவறான வரிகளை அடித்திருக்கிறேன். இத்தனை தவறான வரிகளை என் கையாலேயே, எழுத்துப் பிழையில்லாமல், அதுவரை எழுதியதில்லை. அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

ஏட்டய்யா மைப்பெட்டியைத் திறந்து அண்ணன் பக்கம் தள்ளினார். வேறு ஏதோ ஒரு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "எடது கை பெருவெரல்" என்றார்.

 அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கோபமாகச் செய்யவில்லை, கேட்டார்கள், காட்டினார், அவ்வளவுதான். ஏட்டய்யா நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "வலது வைங்க" என்று அவரே அண்ணனின் வலது கையைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "கீழ ஒரு வரி எழுதணும் டீச்சர். இல்லாட்டி கேள்வி வரும்" என்றார். அதையும் எழுதினேன்.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. சீட்டுக் குடம் நடுவில் இருந்தது. பெண்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்வதில்லை, நானும் அண்ணியும் ஓரமாக நின்றோம். தலைவர் இன்ஸ்பெக்டரின் காகிதத்தையும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்த என் காகிதத்தையும் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தார். என் அஜாக்கிரதையால். வேறு யாரும் பொறுப்பல்ல. யார் மீதும் புகார் இல்லை. கூட்டத்தில் தலைகள் ஆடின. சரிதான், சரிதான் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அண்ணன் எல்லோருக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எழுந்து கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. அவர் பேரை எழுதிய சீட்டு குடத்துக்குள் விழுந்ததைப் பார்த்தேன்.

தலைவர் காகிதத்தை மடிக்கப்போனவர், அடியில் இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்து, அதையும் அதே குரலில் படித்தார்: "இடது பெருவிரல் இல்லாததால் வலது பெருவிரல் ரேகை பெறப்பட்டது."

நான் எழுதியதில் அந்த ஒரு வரிதான் உண்மை.